கரைக்காத சேறு

லிமினாரி
14 பிப்ரவரி 1966

லாம்ப்ரோ,

இது உன் கைக்கு வரும்போது உன் அக்கா ஸ்டமாட்டாவின் கடிதம் முன்னாலேயே வந்திருக்கும். தபால்காரன் பின்னால் அவள் ஓடியதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். பரவாயில்லை. அவள் எழுதியதை முழுசாகப் படித்திருப்பாய், இதையும் முழுசாகப் படி.

சனிக்கிழமை, ஆத்துமாக்கள் நாளில், உன் அம்மாவின் குழியைத் திறந்தோம். மூன்று வருடம் முடிந்துவிட்டது, எலும்பை எடுத்துக் கழுவி வைக்கிற முறை. வெள்ளைத் துணி நான் தைத்திருந்தேன். கழுவுவதற்கு ஸ்டமாட்டா ஒயின் கொண்டுவந்தாள். நல்ல ஒயின்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். பொலிக்சேனி என்று பெயர் எழுதிய தகரப் பெட்டியும் தயாராக இருந்தது. கோதுமையை அவித்து, சர்க்கரை தூவி, மேலே மாதுளை முத்து பதித்து ஒரு தாம்பாளம் நிறைய எடுத்துப் போனேன்.

புதுக் கல்லறை உனக்குத் தெரியாது. நீ ஜெர்மனிக்கு ரயில் ஏறின கொஞ்ச நாளில், மலைமேல் இருந்த கல்லறைக்கு அடியில் பழங்காலத்துக் கோயில் இருக்கிறதென்று தொல்லியல்காரர்கள் வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கீழே பழைய துறைமுகத்துக்குள் இடம் கொடுத்தார்கள். கப்பல் கயிறு கட்டுகிற துளைக்கல்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கரைச்சுவருக்கு உள்பக்கம், நாணல் முளைத்துக் கிடந்த பள்ளம். கடல் எந்தக் காலத்திலோ கோபித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டது, பள்ளம் மட்டும் இன்னும் ஈரத்தை விடவில்லை. பாதிரியார் கெராசிமோஸ் தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லிக் கொடுத்தார், நாமும் புதைக்கத் தொடங்கினோம். அங்கே புதைத்ததில் முறை வந்து முதலில் திறந்த குழி உன் அம்மாவுடையதுதான்.

குழி வெட்டுகிறவர் முழங்கால் ஆழம் போனதுமே கறுப்புச் சேறு வந்தது. அழுகின முட்டை நாற்றம். பெண்கள் தலைத்துணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டியின் மூடி நேற்று இழைத்த பலகை மாதிரி இருந்தது. அதை நெம்பித் திறந்தார்கள்.

அவள் அப்படியே இருந்தாள், லாம்ப்ரோ. கறுத்திருந்தாள், ஆனால் அவளேதான். அவளுடைய மூக்கு, மோவாயில் இருந்த மச்சம். தலைத்துணியில் நான் போட்ட முடிச்சு நான் போட்ட மாதிரியே இருந்தது.

யாரோ வீரிட்டார்கள். பாதிரியார் ஏதோ அவசரமாக முணுமுணுத்துவிட்டு "மூடுங்க, மூடுங்க, இன்னொரு மூணு வருஷம் கெடக்கட்டும்" என்றார். உன் அக்கா மட்டும் நகரவில்லை. குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, "எங்கம்மாவ மண்ணு தின்னல. யாரு வாயிலேர்ந்து சாபம் வந்துச்சோ அவளே முன்னாடி வந்து நிக்கட்டும்!" என்று கத்தினாள். கத்திவிட்டு என் செருப்பைப் பார்த்தாள். அப்புறம் எல்லாரும் என் செருப்பைப் பார்த்தார்கள்.

என் தாம்பாளத்தில் இருந்து ஒருத்தர்கூட ஒரு பிடி எடுக்கவில்லை. செத்தவர்களுக்காக அவித்த கோதுமையைக் கோழிக்குப் போடக் கூடாது, உனக்கே தெரியும். நானே தின்றுகொண்டிருக்கிறேன். இன்னும் தீரவில்லை.

அசிமினா


ஸ்டுட்கார்ட்
22 பிப்ரவரி 1966

அசிமினா,

இரண்டு கடிதமும் வந்தன.

நம் பிள்ளை மிர்ட்டோ செத்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நீ அம்மாவைப் பார்த்து "உன்ன மண்ணு தின்னவே தின்னாது" என்று கத்தினாயாம். அக்கா எழுதியிருக்கிறாள். அங்கே இருந்த நாலு பெண்களின் பெயரையும் எழுதியிருக்கிறாள். உன் கடிதத்தில் கோதுமை இருக்கிறது, ஒயின் இருக்கிறது, செருப்புகூட இருக்கிறது. இதைக் காணோம்.

சொன்னாயா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை போதும்.

நம் ஊர்க்காரர்கள் இந்த விடுதியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டில் இருந்து கடிதம் வருகிறது. நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஒருவன், "ஏன் லாம்ப்ரோ, உங்க வீட்டுப் பொம்பளைங்க ஊறுகா போடுறதுல ரொம்பக் கெட்டியாமே?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சூப் தட்டை அவன் மடியிலேயே கவிழ்த்தேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பெற்றவள்.

மிர்ட்டோவின் குழிமேல் இருக்கிற விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்.

லாம்ப்ரோஸ்


லிமினாரி
1 மார்ச் 1966

லாம்ப்ரோ,

எண்ணெய் இருக்கிறது. தினமும் ஊற்றுகிறேன். நீ கேட்கவில்லை என்றாலும் ஊற்றுவேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாய். ஆமாம் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கலாம். இல்லை என்று எழுதினாலும் பொய்யாக இருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்லை. இதுதான் நிஜம், இதை வைத்துக்கொண்டு நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். மிர்ட்டோவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று போர்வையை எடுத்தேன். உன் அம்மா கதவை மறித்து நின்றாள். "இந்த மழையில தூக்கிட்டுப் போய் வழியிலேயே கொல்லப் போறியா? வினிகர் துணி போடு, விட்டுரும்" என்றாள். நானும் போர்வையைக் கீழே வைத்தேன். மறுநாள் பிள்ளை போய்விட்டாள். நான் கத்தினேன். வாயில் இருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இரவெல்லாம் பிள்ளையை மடியில் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதினவளும் அவள்தான். அந்தக் காய்ச்சல்தான் அவளைப் பிடித்தது. அவள் படுத்துக் கிடந்த அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சூப்பை ஸ்டமாட்டா கொடுத்தால் வாயை மூடிக்கொள்வாள், நான் கொடுத்தால் குடிப்பாள். இதை உன் அக்கா எழுதியிருக்க மாட்டாள்.

இப்போது இன்னொன்று. கரைச்சுவரின் அந்தக் கோடியில் ஏதென்ஸில் இருந்து வந்த தொல்லியல்காரி ஒருத்தி தோண்டிக்கொண்டிருக்கிறாள். ரொதாந்தி என்று பெயர், ஆண்பிள்ளை மாதிரி கால்சட்டை. கூலிக்கு ஆள் கேட்டாள், ஊரில் என்னை வேறு யாரும் கூப்பிடாததால் போனேன். ஒரு பழைய படகின் அடிப்பலகை வந்தது. ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. அதற்குள் ஒரு கூடை, கூடையில் ஆலிவ் காய்கள், லாம்ப்ரோ, தோலோடு. ஒரு கயிற்றுத் துண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் எவனோ போட்ட முடிச்சு, நான் விரலால் தளர்த்தினால் தளர்கிறது. எல்லாம் அதே கறுப்புச் சேற்றில் இருந்துதான் வருகின்றன. அதே நாற்றம். "காத்து போகாத சேறும்மா, உள்ள போனது எதுவும் கெடாது" என்கிறாள் ரொதாந்தி.

அப்படியானால் உன் அம்மாவும் அந்தச் சேற்றால்தான் கெடவில்லை. சேறுபட்ட பாவாடையோடு நேராகப் பாதிரியாரிடம் ஓடினேன். கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு, "கயித்துக்கு ஏதும்மா பாவம்? அது கெடாம இருக்கும். மனுஷன் வேற" என்றார். உன் அக்கா அதற்கும் மேலே. கிணற்றடியில் எல்லாரும் கேட்க, "ஏன்டி, அந்தக் கயித்துக்கும் மருமக இருந்தாளா?" என்றாள். கொல்லென்று சிரித்தார்கள். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது, அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன்.

சிரித்து முடித்துவிட்டு அவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மிர்ட்டோ உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறாள். ஒரு வார இடைவெளி, அதே சேறு. குழந்தைகளின் குழியைப் பாஸ்கா உயிர்ப்புத் திருநாள் முடிந்துதான் திறப்போம், இந்தப் பாஸ்காவோடு அவளுக்கும் முறை. "நாலு வயசுப் பிள்ளைக்குப் பாவமும் கிடையாது, சாபமும் கிடையாது. அவ எலும்பா வந்தா மண்ணுல குத்தமில்ல, உன் வாயிலதான் குத்தம். அவளும் அப்படியே இருந்தா குத்தம் மண்ணோடது, நாங்க உன் கால்ல விழுறோம்" என்கிறார்கள். பாஸ்கா வரைக்கும் காத்திருப்பானேன், இப்போதே திறக்கலாம் என்கிறாள் ஸ்டமாட்டா. அதற்குத் தகப்பன் சம்மதம் வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையைத் தராசுத் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். எலும்பாக வந்தால் நான் சூனியக்காரி. அப்படியே வந்தால் நான் நல்லவள், ஆனால் அவளை அப்படியே பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும்.

நீ தகப்பன். என்ன செய்யட்டும், சொல்.

அசிமினா


ஸ்டுட்கார்ட்
9 மார்ச் 1966

அசிமினா,

கூடாது. யாரும் தொடக் கூடாது. பாதிரியாரிடம் நான் சொன்னதாகச் சொல்.

நீங்கள் எல்லாரும் அவள் போனதைப் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு வந்தது ஒரு தந்தி. இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், மொழிபெயர்ப்பாளன் கொண்டுவந்து கொடுத்தான். கிளம்பினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். அடுத்த ஷிஃப்டுக்கும் அங்கேயே நின்றேன்.

எனக்கு அவள் செத்தவள் இல்லை. நம் அவரைக்காய்த் தோட்டத்து ஓரத்தில் இருக்கிற துளைக்கல்மேல் ஏறி நிற்கிறாள். நான் வயலில் இருந்து வருகிறேன். "கப்பல் வருது, கப்பல் வருது! இங்க கட்டு, இங்க கட்டு!" என்று கத்துகிறாள். பக்கத்தில் போய் நின்றால் என் பெல்ட்டைப் பிடித்து அந்தத் துளையில் கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடாதே. அவள் எலும்பாகவும் வேண்டாம், கறுத்துப் போயும் வேண்டாம்.

நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் "சொன்னேன், கோபத்தில் சொன்னேன், மன்னித்துவிட்டேன், மண் அவளை ஏற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடு. பாதிரியார் ஒரு ஜெபம் படிப்பார், எல்லாம் முடிந்தது. ஞாபகம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஞாபகம் இல்லாத ஒன்றை ஒத்துக்கொள்வதில் உனக்கு என்ன நஷ்டம்?

லாம்ப்ரோஸ்


லிமினாரி
15 மார்ச் 1966

என்ன நஷ்டமா?

பேக்கரி ஸரான்டோஸ் என் ரொட்டித் தட்டை அடுப்பில் வைக்க மாட்டேன் என்கிறான், லாம்ப்ரோ. "எனக்கொண்ணும் இல்லக்கா, மத்தவங்க தட்டு பக்கத்துல இருக்கே, அவங்க சண்டைக்கு வர்றாங்க" என்று நல்ல பிள்ளையாகப் பேசுகிறான். கோவிலில் நான் நின்ற இடத்தைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தது, உதவிக்கு ஓடினேன், கதவைத் திறக்கவே இல்லை. கர்ப்பிணி வீட்டுக்குள் என் நிழல் விழக் கூடாதாம். இதெல்லாம் சந்தேகத்துக்கே. சொன்னேன் என்று என் வாயாலேயே ஒத்துக்கொண்டால்? நீ அங்கே சூப்பைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடலாம். நான் எங்கே எழுந்து போவேன்?

ஊர்க்காரர்களுக்குப் பயந்து ஒத்துக்கொள் என்று ஸ்டமாட்டா சொன்னால் எனக்குப் புரியும். நீ சொல்கிறாய். உன் தலையில் வைத்த கல்யாண மலர்முடியை என் தலையோடு மாற்றி என்னைக் கட்டிக்கொண்டவன் நீ.

உன் துளைக்கல்லும் உன் கப்பலும் ரொம்ப அழகாக இருக்கின்றன. பத்திரமாக வைத்துக்கொள். என்னிடம் அது இல்லை. என்னிடம் இருப்பது அந்தக் கடைசி ராத்திரி முகம், உதடு வெடித்து, கண் மேலே செருகி. அதற்கு முன்னால் இருந்த முகத்தை அது தின்றுவிட்டது. நான் எத்தனை முயன்றாலும் முன்னால் இருந்தது வர மாட்டேன் என்கிறது. உன்னால் பார்க்க முடிகிறது, பெற்ற என்னால் முடியவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற பொறாமையை எழுதினால் இந்தத் தாள் போதாது.

மற்றவர்களின் புருஷன்கள் கோடை தோறும் வருகிறார்கள். டிரான்சிஸ்டர் கொண்டுவந்து ஊரே காது பொத்துகிற மாதிரி வைக்கிறார்கள். நீ ஒரு கோடைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. குழி இருக்கிற ஊருக்கு வந்தால் அவள் செத்துப்போனது நிஜமாகிவிடும் என்று இருந்திருப்பாய். இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதது. எனக்குத் திறக்க வேண்டும். ஊருக்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டும். நான் சாபம் கொடுத்தேனா இல்லையா என்பது அந்தச் சின்னக் குழிக்குள் இருக்கிறது. ராத்திரியில் அந்தச் சொற்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பழகின சொற்களா என்று. ஒரு நாள் பழகினது மாதிரி இருக்கிறது, ஒரு நாள் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பின அந்தக் கிழவி எதைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்?

அது மட்டும் இல்லை. உன் அம்மாவின் மோவாய் மச்சம்கூட இருந்ததே, லாம்ப்ரோ. சேறு எதையும் கெடுக்காது என்கிறாள் ரொதாந்தி. அப்படியானால் மிர்ட்டோவின் பின்னல் இருக்கும். கட்டைவிரலைச் சப்பிச் சப்பி வந்த காய்ப்பு இருக்கும். என் பிள்ளை கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறாள், நான் மேலே நின்று விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

சம்மதம் கொடு. இல்லையென்றால் நானே தோண்டிவிடுவேன் போல இருக்கிறது.

அசிமினா


ஸ்டுட்கார்ட்
20 மார்ச் 1966

என் அசிமினா,

சம்மதம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கட்டைவிரலில் காய்ப்பு இருந்ததை நான் மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன்? துளைக்கல்மேல் நிற்கிறவளின் கையைப் பார்க்கப் பார்க்கிறேன், கை தெரியவில்லை. படித்ததில் இருந்து அந்தக் கையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இயந்திரத்தில் தகட்டை மாற்றிச் செருகிவிட்டேன், பக்கத்தில் இருந்த துருக்கிக்காரன் இழுத்திராவிட்டால் என் கையே போயிருக்கும்.

செத்தவர்களை மறுபடி பார்க்க முடியாது என்றுதான் இத்தனை நாளும் நான் உயிரோடு இருந்தேன். முடியாது என்றால் முடியாது, சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகலாம். இப்போது முடியும் என்கிறாய். முடியும் என்றால் நான் எப்படி இங்கே நிற்பேன்?

ஒத்துக்கொள் என்று சொன்னதற்காக என்னைத் திட்டினாய். திட்டு. ஊரில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்லக் கூடாது, நானே வந்து நிற்கிறேன். நீ எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வரும்வரை திறக்காதே. ஸ்டமாட்டா என்ன குதித்தாலும் திறக்காதே. குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் இங்கே ரயில் ஏறுகிறேன். பெரிய வெள்ளிக்குள் வந்துவிடுவேன். பாஸ்கா முடிந்ததும் நானே தோண்டுகிறேன், குழிவெட்டி வேண்டாம். அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், பைத்தியம் பிடிக்கவில்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும். தகப்பன் பார்க்காமல் எந்தப் பிள்ளையாவது போகுமா?

அவளுக்குக் குளிருமே என்று கடையில் நின்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். நாலு வயது அளவு. கடைக்காரிக்கு அளவைக் கையால் காட்டினேன், அவள் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தாள்.

உன் லாம்ப்ரோஸ்


லிமினாரி
28 மார்ச் 1966

லாம்ப்ரோ,

அவசரத் தபாலில் போடுகிறேன். நீ ரயில் ஏறுவதற்குள் இது வர வேண்டும். வந்துவிட்டால் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக் கழுவி வைத்தேன். உண்மையாகவே கழுவினேன். அப்புறம் மனசு தாங்காமல் ரொதாந்தியைத் தேடிப் போனேன், அந்த ஆலிவ் காய்களை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று. பார்த்தால் நீ நம்புவாய் என்று ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்கவும் எண்ணம்.

அவள் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்ததை எல்லாம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பது அவளுடைய வழக்கம். வேலையாள் ஒருவன் கயிற்றையும் கூடையையும் தொட்டியில் போட மறந்து காலையில் கரைச்சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். வெயில்கூடப் பெரிதாக இல்லை. மத்தியானத்துக்குள் கயிறு பாதியாகச் சுருங்கிவிட்டது. நான் போனபோது முடிச்சு மட்டும் முடிச்சாகத் தெரிந்தது. தொட்டேன். தூளாகப் போயிற்று. ஆலிவ் காய்கள் சுருங்கி, வெடித்து, எலிப்புழுக்கை மாதிரி கிடந்தன. "உள்ள இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி அவள் அழுதாள். அந்தக் கால்சட்டைக்காரி அழுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன், நான் கயிற்றுக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புரிகிறதா, லாம்ப்ரோ? அங்கே அவள் இருந்தாலும், நாம் திறக்கிற நிமிடத்தில் இருந்து போகத் தொடங்குவாள். நாம் பார்க்கப் பார்க்கப் போவாள். அந்தக் காய்ச்சல் ராத்திரியை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். இரண்டாவது தடவை, உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க என்னால் முடியாது. நீயும் மூட விட மாட்டாய். கம்பளிச் சட்டை வாங்கினவன் மறுபடி மண்ணைத் தள்ள விடுவானா?

எலும்பாக இருந்தாலும் சொல்கிறேன். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். ஒரு நொடிதான் பார்ப்பாய், உன் அம்மாவின் மகனாக. அந்த ஒரு நொடிக்குப் பிறகு நமக்கு ஒன்றும் இருக்காது.

அங்கிருந்து நேரே பாதிரியார் வீட்டுக்குப் போனேன். "நான் நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்குறேன். ஆனா என் பிள்ளையோட குழியை நீங்க பாஸ்காவுக்கும் திறக்கக் கூடாது, எப்பவும் திறக்கக் கூடாது" என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "முறைன்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார். "சின்னக் குழிதானே ஃபாதர், அந்த இடம் யாருக்கு வேணும்? நான் ஒத்துக்கலன்னா மண்ணுதான் காரணம்னு பேச்சு வரும். அந்தப் பள்ளத்துல தன் ஆளுங்களப் புதைச்ச அத்தனை பேரும் உங்க வாசல்ல வந்து நிப்பாங்க, அந்த மண்ண ஜெபம் சொல்லி வாங்கிக் கொடுத்தது யாருன்னு" என்றேன். ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். அப்புறம் சரி என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் நடுவில் போய் நின்றேன். உன் அக்கா முன்வரிசையில். "சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். உன்ன மண்ணு தின்னாதுன்னு சொன்னேன். மன்னிச்சுட்டேன், அவங்களும் என்னை மன்னிக்கட்டும், மண்ணு அவங்கள ஏத்துக்கட்டும்" என்றேன். குரல் உடையவில்லை. அந்த வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வந்தன என்பதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். 

ஸ்டமாட்டா வந்து என் முகத்தில் துப்பப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாவி, இத மொதல்லயே சொல்லித் தொலைஞ்சிருந்தா எங்கம்மா இந்நேரம் பெட்டிக்குள்ள நிம்மதியா இருந்திருப்பாளேடி" என்று ஓவென்று அழுதாள். ஜெபம் படித்தார்கள். உன் அம்மாவை அந்தப் பள்ளத்தில் இருந்து எடுத்து, மலைச்சரிவில் காய்ந்த மண்ணில் வைக்கப்போகிறார்கள். அங்கே கரைந்துவிடுவாள். கரைந்ததும் என் மன்னிப்பு பலித்தது என்பார்கள். ஸரான்டோஸ் இன்று என் தட்டை அடுப்பில் வைத்தான், ஓரமாக. பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் இன்னும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். அது இனி மாறாது.

அடுத்த வருடம் ஸரான்டோஸின் அப்பாவுக்கு முறை. அவரும் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறார். அவர் முழுசாக வந்தால் ஊர் என்னிடம் வந்து நிற்கும். எலும்பாக வந்தால், சாபம் என் வாயில் இருந்துதான் வந்ததென்று எனக்குப் பதில் கிடைத்துவிடும். அன்றைக்கு நான் வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன்.

உன் சம்மதத்தைப் பாதிரியாரிடம் காட்டவில்லை. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று நீ கோபப்பட்டால் படு. அவள் உள்ளேயே இருக்கட்டும். முழுசாகவோ, எலும்பாகவோ, யாரும் பார்க்காமல் இருக்கட்டும். நீ அவளை அந்தத் துளைக்கல்மேலேயே வைத்துக்கொள். கட்டைவிரலில் காய்ப்பு வலது கையில். இனி உனக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் எதற்காக இனி ரயில் ஏறுவது என்று தோன்றும் உனக்கு. உன்னை எனக்குத் தெரியும். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஷிஃப்டுக்கும் அங்கேயே நிற்பாய்.

அப்படிச் செய்யாதே. நாலு வருடமாக நீ முகம் பார்க்காத இன்னொருத்தி இங்கே இருக்கிறாள். அவளைப் பார்க்கத் தோண்ட வேண்டாம், யார் சம்மதமும் வேண்டாம். பெரிய வெள்ளி அன்று பஸ் வருகிற நேரம் தோட்டத்துத் துளைக்கல் பக்கத்தில் நிற்பேன். நான் மண்ணுக்கு மேலே இருக்கிறேன், லாம்ப்ரோ. வெயிலும் காற்றும் என்மேல் படுகின்றன. ரொம்ப நாள் தாங்க மாட்டேன்.

அசிமினா